எஞ்சினுக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம்

சலவை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடையில் அவளை எல்லோரும் போர்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மோட்டார், பெல்ட், குழாய் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு மட்டும் இவள் மேசைக்கு வரும். பகலெல்லாம் சோப்புத் தண்ணீர் குடித்த போர்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அவளுடைய சொந்த அக்கா இன்னொரு போர்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அக்கா ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவள். அத்தான் தவறிய பிறகு தங்கையோடு வந்து சேர்ந்தாள். கூடவே அவளுடைய ரயிலும் வந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கத் தண்டவாளம். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும். மாடல் வந்த நாளிலிருந்து இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

அந்த ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சினின் வயிற்றில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒலி போர்டு ஒன்று இருந்தது. எஞ்சின் ஓடினால் குப் குப் என்று புகை தள்ளும் சத்தம், ரிமோட்டை அமுக்கினால் விசில்.

"போர்டு போச்சுடி. சத்தமே வரல."

"நல்லா வருதேக்கா. கீழ்வீட்டுக்காரங்களுக்கே கேக்கும்."

"அப்ப கீழ்வீட்டுக்காரங்ககிட்டயே குடுத்துடவா?"

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. காதுமிஷின் வாங்கியும் ஆயிற்று. காதுக்குள் எறும்பு ஊர்கிறது என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்தவள் வைத்தவள்தான். தங்கை அந்த ஒன்றுமில்லாத போர்டை நாலு முறை கழற்றி நாலு முறை மாட்டினாள். கடைசியில் எரிச்சலில், "கேக்கலன்னா என்ன பண்றது? லைட்டு போட்டா காட்ட முடியும்?" என்று கத்தினாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "போடேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை பிரித்து, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்து, மிளகளவு சிவப்பு எல்இடிகள் நான்கை எஞ்சினின் அடுப்புக்குள் பற்றவைத்தாள். ஒவ்வொரு குப்புக்கும் அடுப்பு கனன்று அடங்க வேண்டும் என்பது கணக்கு. கனன்றது. ஆனால் விளக்குகள் மின்சாரத்தை உறிஞ்சியதும் போர்டு மயங்கி விழுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. கொதிகலனில் தண்ணீர் காயும் சத்தம், ஒரு குப், மயக்கம். மறுபடி தண்ணீர் காயும் சத்தம். கேட்கிற காது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் என்பதால் அந்த வேதனையும் அவளுக்கு மட்டும்தான்.

விளக்குகளுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரியைக் கரிப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தாள். எஞ்சின் நிற்காமல் ஓடியது. தன்னை மறந்து கைதட்டினாள்.

அக்கா கைதட்டவில்லை. "எல்லாம் சிவப்பாவே மின்னுது. இது குப்பா, விசிலா?"

"நீதானே அமுக்குற! விசில்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டி. பாக்குறவங்களுக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டு, கீச்சுக் குரலுக்கு மட்டும் வழிவிடும்படி ஒரு சின்ன கெப்பாசிட்டரைச் சேர்த்து, புகைபோக்கிக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்கு ஒன்றை வைத்தாள். இப்போது விசிலுக்கு வெள்ளை. நீராவி சீறும்போதும் வெள்ளை. எஞ்சின் சும்மா நிற்கும்போதும் அது கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

"இது எதுக்கு எப்பப் பாத்தாலும் கண்ணடிக்குது?" என்றாள் அக்கா.

வெளிச்சத்தின் அளவைக் குறைக்கும் திருகாணியைத் தங்கை ஸ்குரூடிரைவர் நுனியால் மயிரிழை திருப்பினாள். அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று முதுகில் தட்டினாள். கை வழுக்கியது. சட்டென்று ஒரு பொறி, கருகிய நாற்றம். போர்டிலிருந்து நூல்போலப் புகை எழுந்து புகைபோக்கி வழியாகவே வெளியே வந்தது.

"ஐ! புகைகூட வருதே!" அக்கா குதூகலித்தாள். "இதை ஏன்டி முன்னாடியே வைக்கல?"

தங்கை எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்றாள். அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். என் உயிரை வாங்கத்தான் வந்தாயா, அந்த மிஷினைக் காதில் மாட்டினால் என்ன குறைந்துவிடும், ஊர் மிஷினையெல்லாம் சரிசெய்கிறேன், உன்னைச் சரிசெய்ய என்னால் ஆகவில்லை என்று மூச்சு வாங்கும்வரை பேசினாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா. "கண்ணாடியில உன் வாய் தெரியுதுடி."

அன்று இரவு இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள்.

மறுவாரம் புது போர்டு வந்தது. யாரும் கேட்கவில்லை; தங்கையே தருவித்தாள். பாதியில் விட மனசு வரவில்லை. இந்த முறை அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரும் முதுகில் தட்டாமல், ஒரே மூச்சில் முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ரயிலை ஓடவிட்டார்கள். மெதுவாகக் கிளம்பும்போது சிவப்பு நிதானமாகக் கனன்றது. வேகம் ஏற ஏறப் படபடத்தது. அக்கா விசிலை அமுக்கினாள். வெள்ளை பளிச்சென்று நீண்டு, விசிலோடு சேர்ந்து தேய்ந்தது. அக்கா மறுபடி அமுக்கினாள். மறுபடியும். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல வாய் திறக்கப்போகிறாள் என்று தோன்றியது.

"கேபின்ல கடைசியா ஒருநாள்," என்றாள் அக்கா, "வண்டி விசில் குடுத்துட்டே நின்னிருக்கு. எனக்குக் கேக்கல. கூட இருந்தவதான் பாத்தா. ஒண்ணும் ஆகல. ஆனா மறுநாளே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அத்தானுக்கு உடம்பு சரியில்லைன்னுதானே வேலையை விட்ட?"

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

தங்கைக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாளே என்ற கோபம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "தள்ளி உக்காரு" என்று அதட்டி, அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரிமோட்டை வாங்கினாள். இருவரும் இருட்டில் நெடுநேரம் ரயில் ஓட்டினார்கள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அழகுநிலையக்காரி வந்தாள். எஞ்சினைப் பார்த்து வாய் பிளந்து, "யாரு செஞ்சது?" என்றாள்.

அந்தக் கேள்வி மட்டும் அக்காவுக்குக் கணீரென்று கேட்டது.

"யோசனையெல்லாம் நம்மளுதுதான். ஒயரை மட்டும் இவ ஒட்டுனா."

தங்கை தலையில் அடித்துக்கொண்டு காபி போட உள்ளே போனாள்.