மலையில்லாத ஹாம்பர்க்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால் புதிதாகத் திறந்த பர்கர் கடையில் பெயர்ப்பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஹாம்பர்க்’ என்று பெயராம். கல்லாவில் நின்ற பெண், நான் கேட்காமலே, “ஹேம், பன்னிக்கறி எல்லாம் இல்ல அங்கிள், அது ஜெர்மனி ஊர் பேர் லா” என்றாள். தெரியும் தாயே. போகாமலே வெறுக்குமளவுக்குத் தெரியும். ஈரப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் இருந்த பசியும் போய்விட்டது.

பல வருடங்களுக்கு முன் எனக்கு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் பின்புறத்தில் அதன் பெயரும், கீழே அதன் துறைமுகத்தின் பெயரும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகளை நான் அட்டையில் வெட்டித் தருவேன். காசிம் பாய் சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடிப்பார். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் தனபால்.

தனபாலைக் கம்பெனி மூன்று வாரப் பயிற்சிக்கு ஹாம்பர்க் அனுப்பியது. திரும்பி வந்தவர் கேன்டீனில் பரோட்டாவைக் கத்தியால் அறுத்துத் தின்றார். ‘பர்க்’ என்றால் கோட்டை, ‘ஹாம்’ என்ன என்பதில் ஜெர்மானியர்களுக்கே ஒரு முடிவில்லை என்று பின்னால் படித்தேன். தனபாலுக்கு ஏது சந்தேகம்? “ஹாம்னா பன்னி. பன்னிக்கோட்டை!” என்பார், காசிம் பாய் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நாங்களும் சிரித்தோம். ஜென்மங்கள்.

ஒரு ஜெர்மன் கப்பல் வந்தது. தனபால் சீட்டில் எழுதித் தந்தபடி வெட்டினேன். அட்டையைப் பார்த்த பாய், “சார், ‘பி’க்குப் பக்கத்துல ‘யூ’தானே வரணும்? ‘ஈ’ போட்டிருக்கு” என்றார்.

“ஹாம்பர்க் போனது நீயா நானா? அடி லா.”

அடித்தார். முழங்கை நீள எழுத்துகள், ஒரு பிசிறு இல்லை.

கேப்டன் பார்த்துச் சிரித்தார். ‘ஈ’ போட்டால் கோட்டை இல்லையாம், மலையாம். எங்கள் ஊரில் மலைக்கு எங்கே போவது என்றார். அவர் சிரித்து முடிப்பதற்குள் தனபால் பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் பாயைக் கைநீட்டிக் காட்டினார்: “இவன்தான் சார். ஸ்பெல்லிங் தெரியாதவன்.”

பாய் என்னைப் பார்த்தார். தனபாலின் கையெழுத்தில் அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் குனிந்து பெயிண்ட் டப்பாவை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மறுநாள் கேட்டிலேயே பாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருடங்கள் கழித்துத் தனபாலின் பிரிவுபசார விழாவில் ஹாம்பர்க் பாலங்களைப் பற்றி அவர் அரைமணி நேரம் பேசியதைக் கேட்டுக் கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

பட்டறை இப்போது இல்லை. ஹாம்பர்க் முதலாளிகளின் கப்பல்களிலேயே பல, வரியை மிச்சம் பிடிக்க, லைபீரியாவின் ‘மன்ரோவியா’ என்று எழுதிக்கொண்டு திரிகின்றன; கோட்டையும் மலையும் அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பாசிர் ரிஸ்ஸில் காசிம் பாயின் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்த சீனப் பெண்மணிக்கு அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. அடுத்த வீட்டிலும் தெரியவில்லை. மின்தூக்கியில் இறங்கும்போது வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. நிம்மதியாக இருந்தது.