விரலில் மாட்டிய எலுமிச்சம்பழம்

மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, குற்றாலத்திலிருந்து எங்கள் மேலகரம் வழியாகத் தென்காசி போகும் பஸ்ஸில் பதினோரு பேர் என்னோடு பேசினார்கள். எண்ணிக்கொண்டே வந்தேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க என்னோடு பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பால்காரர். இன்னொருவர் பக்கத்து வீட்டைத் தேடி வந்து என் கதவைத் தவறுதலாகத் தட்டியவர்.

யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபின் எங்கள் ஊர் பஸ் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு, அந்தக் கரிப்புகையில் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது! அது மூச்சு வாங்கி நிற்கிற இடங்களில் எல்லாம் பேசுவதற்கு நிறைய நேரம் கிடைக்கும். ஆனால் என்னோடு பேச என்ன காரணம்?

என் வலது கை ஆள்காட்டி விரல்தான் காரணம். நகச்சுற்று. பத்திரிகைக்கு வழக்கமாக எழுதும் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது துருப்பிடித்த நிப் நகக்கண்ணில் குத்திவிட்டது. சண்டைக் காலத்தில் புது நிப்புக்கு எங்கே போவது? நான்கே நாளில் விரல் சிவந்து வீங்கி, விண் விண் என்று தெறித்தது.

குற்றாலத்தில் ஏறியிருந்த பழக்காரப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, வெரல இப்படி வச்சிருக்கீய? இங்கன நீட்டுங்க!"

என்னைக் கேட்கவே இல்லை. கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள், துளை போட்டாள், என் விரலில் மாட்டிவிட்டாள். அவ்வளவுதான்... பஸ்ஸே என் பக்கம் திரும்பியது. மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார் ஒருவர். வேப்பிலை என்றார் இன்னொருவர். "எங்க மச்சானுக்கும் இப்படித்தான் வந்துச்சி. கடைசில வெரலயே எடுத்துட்டாவ" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்!

நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது — எனக்குப் பேச ஆள் இல்லை. மகன் பட்டாளத்தில். அவன் விலாசம் ஒரு நம்பர். மனைவி போய் இரண்டு வருஷம். பதினாறு நாள் வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாள் காலையில், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. இப்போது சாரல் காலம் வேறு. குற்றாலத்துக்கு ஊர் ஊராக ஜனங்கள் போகிறார்கள், ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு திரும்புகிறார்கள். எல்லோரும் என் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். யாரும் நிற்பதில்லை.

தென்காசி டாக்டர் வாலிபர். சீமையிலிருந்து கப்பலில் தாமதமாக வரும் வைத்தியப் பத்திரிகைகளை விடாமல் படிக்கிறவர். பழத்தைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். நகக்கண்ணில் கசிந்திருந்த சீழில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, "நீங்களே பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். ஒரே கூட்டம். திருவிழாவில் தேரிழுக்க வந்த கூட்டம்!

"எல்லாம் வெள்ளை அணு சார். ரத்தத்தோட போய்க்கிட்டு இருந்ததுதான். நிப்பு குத்தினதும் ரத்தக் குழாய்ச் சுவருல நெருக்கிப் புகுந்து வெளிய வந்து கிருமியைத் திங்குது. தின்னுட்டுச் செத்தும் போகுது. இந்த வீக்கம், சூடு, செவப்பு எல்லாம் அது பண்ணுத வேலைதான்."

"குத்தினது எந்த இடம் என்று அதற்கு யார் சொன்னது?"

"நல்லாக் கேட்டீங்க! அதைத்தான் இப்ப ஆராய்ஞ்சிக்கிட்டு இருக்காவ. அடிபட்ட சதை என்னமோ ஒரு வஸ்துவை விடுதாம். அதைப் புடிச்சிக்கிட்டே இதுங்க வருதாம். என்ன வஸ்துன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

எனக்குப் பொறாமையாக இருந்தது. விரலைப் பார்த்துத்தான்! ஒரு நிப் குத்தியது. கூப்பிடாமலே அத்தனை பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "வந்தா மட்டும் போதாது சார். வேலை முடிஞ்சதும் கலைஞ்சிரணும். கலையாம அங்கனயே கெடந்தா நல்ல சதையையும் கெடுத்திரும்." வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். தானே உடையும் என்றார். பழம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் எழுதக்கூடாது.

மறுநாள் காலை வாசலில் குடையோடு ஒருவர் நின்றார். காதர் வாத்தியார்!

காதர் வாத்தியார் தென்காசிக்காரர், ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார். இருபது வருஷ சிநேகம். எட்டு மாதமாகப் பேச்சில்லை. குற்றம் என்னுடையது. அருவியில் குளிக்கும்போது அவர் பயத்தில் வாய்ப்பாடு சொல்வார் என்று இதே பத்தியில் எழுதித் தொலைத்தேன். தென்காசிப் பையன்கள் தெருவுக்குத் தெரு அவரைப் பார்த்துப் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார்கள். அன்றோடு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. பஸ்ஸில் வந்த யாரோ அவரிடம் என் விரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"எழுத முடியலையாமே. சொல்லும், எழுதுதேன். ஆனா என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரப்படாது, ஆமா" என்றார். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் வீட்டு மரத்துப் பழம்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். தினமும் ஒரு பழம். பத்தி முடிந்தால் கடிதம், கடிதம் முடிந்தால் வெறும் பேச்சு. நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் நான்கு திருத்தம் சொல்வார். "இது வாக்கியமா வே? வால் எங்க, தலை எங்க?" என்பார். இருபது வருஷமாக எரிச்சலோடு கேட்ட அதே குரல். இப்போது அது கேட்காவிட்டால் பொழுது விடிந்த மாதிரி இல்லை.

ஆமாம், இப்போது நீங்கள் படிக்கிற இதையும் அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி வந்ததும் ஒரு முறை நிமிர்ந்து முறைத்தார். பிறகு குனிந்துகொண்டார். பேனா ஓடுகிறது. அது நிற்பதற்குள் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

நேற்று நல்ல சாரல். தென்காசியிலிருந்து நடந்தே வந்திருந்தார். குடையை மீறி நனைந்து, இருமிக்கொண்டு, பையிலிருந்து பழத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். என்னால் தாங்கமுடியவில்லை.

ஏனென்றால்... என் விரல் சரியாகிவிட்டது. சீழ் உடைந்து, வீக்கம் வற்றி, புதுத் தோலும் வந்துவிட்டது. ஒன்பது நாளாக நான் நடிக்கிறேன். இவர் வருகிற நேரத்துக்குப் பழத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரல் சரியானால் இவர் வர என்ன காரணம் இருக்கிறது? வெள்ளை அணுக்கள் கலைந்து போனது எனக்குத் தெரியும். இந்த மனுஷரும் கலைந்து போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாத்தியாரே, மன்னித்துவிடும். வாய்ப்பாட்டுக்கும் சேர்த்து.

பேனா நின்றுவிட்டது. (இனி வருவது அவர் போனபிறகு நானே எழுதிச் சேர்த்தது.)

"ஒம்பது நாளா?" என்றார்.

"ஆமாம்."

"தப்பு. பதினோரு நாளு." தாளில் எழுதியிருந்த ஒன்பதை அடிக்கப் போனார்; என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டார். "சூடு இருக்குத வெரலுன்னா பழம் ஒரே நாள்ல சுண்டிப் போவும் வே. மொதல்ல அப்படித்தான் போச்சி. பதினோரு நாளா நான் குடுத்த பழம் குடுத்த மாதிரியே இருக்கு. எனக்குக் கண்ணில்லையா?"

விரலிலிருந்த பழத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். "தெரிந்துமா தினமும் பழம் கொண்டுவந்தீர்?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மகன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மாவும் அங்கே போய், சண்டையில் திரும்பிவர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"மரம் நெறையக் காய்க்கு வே. வீட்டுல யாரு இருக்கா?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ம், அடுத்த வாக்கியம் சொல்லும்" என்றார்.

சொன்னேன். விரலைப் பற்றி விசாரிக்கப்போகும் வாசகர்களுக்கு — என் விரல் இன்னும் சரியாகவில்லை.

இந்த ஒரு வாக்கியத்தை வாத்தியார் திருத்தவில்லை.