கார் நிறுத்த இடம் விட்டோம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டத் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. வீடு கட்டியவர்களைக் கேட்டால் சிமென்ட் விலை ஏறியது, மேஸ்திரி பாதியில் ஓடிப்போனது என்று கதை கதையாகச் சொல்வார்கள். என் கதையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் யார் மேலும் கோபப்படவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. வீட்டில் மூத்தவள் நான், கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. பழைய வீட்டில் இருந்தது ஒரு கூடம், ஓர் உள்ளறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் உள்ளறை அவனுக்குப் போனது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம். பிறந்ததிலிருந்து அப்படியே படுத்துப் பழகியதால் அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

மூலக்குளத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஓர் இன்ஜினியரிடம் தம்பி பிளான் போடச் சொல்லியிருந்தான். பிளான் என் போனுக்குத்தான் முதலில் வந்தது. காரணம், எங்கள் வீட்டில் குற்றம் கண்டுபிடிக்கும் இலாகா என்னுடையது. லேபில் நாள் முழுக்க எது சரியில்லை என்று பார்ப்பதே வேலை என்பதால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கண் மூடாது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். பிளானைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து வந்து கூடத்தில் விரித்துவிட்டேன். ஒரு மாதம் அந்தத் தாளைச் சுற்றித்தான் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

கேள்வி கேட்காதவர்கள் இல்லை. வில்லியனூரில் இருக்கும் பெரிய மாமா வந்து, சமையலறை அக்னி மூலையில் இருக்கிறது, சந்தோஷம், ஆனால் பூஜை அறைச் சுவருக்குப் பின்னாலேயே பாத்ரூம் வருகிறதே, சாமிக்கு அடுக்குமா என்று கேட்டார். பாத்ரூமை நகர்த்தினோம். அத்தை வந்து வாசற்படிக்கு நேராக மாடிப்படி இருந்தால் லட்சுமி வந்த வேகத்தில் மேலே ஏறிப் போய்விடுவாள் என்றாள். படியைத் திருப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆளுக்கு ஏற்ற மாதிரி வாஸ்து சொல்பவர். எங்கள் போர் குழாய் அவர் சுவர் ஓரம் வராமல் இருந்தால் எல்லாம் சுபம் என்றார். என்னுடன் வேலை பார்க்கும் பெண்கள் சாப்பாட்டு வேளையில் பிளானை டேபிளில் பரப்பி, வாஷிங் மெஷினுக்கு இடம் எங்கே, பிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குடைந்து எடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அப்படித்தான் இழுத்தோம்.

ஆனால் உருப்படியான திருத்தங்கள் என்னுடையவைதான் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா மீன் கழுவப் பின்பக்கம் ஒரு மேடையும் குழாயும் போடச் சொன்னேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் வாசலில் படியின் உயரத்தைக் குறைத்து, அவர்கள் அறைக்குள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து பாத்ரூம் போட வைத்தேன். குழந்தை வளர்ந்தால் படிக்க வேண்டுமே என்று தம்பி அறையில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்கினேன். தம்பிக்கு இருந்த ஒரே ஆசை கார். கார் வாங்கவில்லை. எப்போது வாங்குவான் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் வாங்கினால் தெருவிலா நிறுத்துவது என்று முன்பக்கத்தில் ஒரு நல்ல அகலமான இடத்தைக் கார் பார்க்கிங்குக்கு விட்டோம். அந்தக் கோடுகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பியது நான். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, உங்க அக்காவை என் ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள் என்று தம்பியிடம் சொன்னாராம்.

பூமி பூஜை முடிந்து மார்க்கிங் போடும் நாள் வந்தது. கயிறு கட்டி, தரையில் சுண்ணாம்புப் பவுடரால் அறை அறையாகக் கோடு போடுவார்கள். அப்போது பார்த்தால் எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு இடத்தில் எப்படிக் கட்டில் போடுவது என்று கேட்டாள். சுவர் எழும்பினால் பெரிதாகத் தெரியும், எல்லோரும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று இன்ஜினியர் சமாதானம் சொன்னார். தம்பி குழந்தை கோட்டைத் தாண்டித் தாண்டிக் குதித்து விளையாடியது. அப்பா அன்று ரொம்ப உற்சாகமாக இருந்தார். போனை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று, எல்லோரையும் அவரவர் ரூமில் போய் நிற்கச் சொன்னார். வீடு முடிந்ததும் இதே மாதிரி இன்னொரு போட்டோ எடுத்து இரண்டையும் மாட்ட வேண்டும் என்றார்.

தம்பியும் அவன் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் அறையில் நின்றார்கள். அம்மா தன் அறைக்குள் போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நான் இரண்டு எட்டு வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்புங்கள், அந்த நிமிடம் வரைக்கும் எனக்கே அது தெரியாது. குழம்பில் ஒரு கல் உப்பைக் கண்டுபிடிக்கிறவள், அந்தத் தாளை ஒரு மாதம் மடியில் வைத்துக்கொண்டு திருத்தியவள், அதில் எனக்கு ஒரு இடம் இல்லை என்பதைப் பார்க்கவே இல்லை. வராத காருக்கு இடம் விட்டிருந்தோம். போகாத எனக்கு விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு கணக்கு இருந்திருக்கிறது, இவள் இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறவள் என்று. அந்தக் கணக்கை நானும்தான் போட்டிருக்கிறேன்.

சமாளித்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் போய் நின்று சிரித்தேன். ஆனால் அப்பா போட்டோ எடுக்கவில்லை. கையில் இருந்த போன் மெதுவாகக் கீழே இறங்கியது. அம்மா அவரைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார்.

அப்பாதான் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கார் நிறுத்தும் இடத்தைக் குறைத்தால் ஒரு சின்ன அறை வருமா என்று கேட்டார். அவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தாராளமாக வரும் என்றார்.

“இப்பவே சொல்லிடுங்க சார். நாளைக்கு ஜேசிபி வந்து பில்லர் குழி எடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது.”

தம்பி என் பக்கத்தில் வந்தான். அவனுக்கு முகமே சரியில்லை. “காரு வர்றப்ப பாத்துக்கலாம்க்கா. நீ இன்னா சொல்றியோ அதான்” என்றான்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “ம்” என்று ஒரு சத்தம் போதும். கொஞ்சம் சுண்ணாம்பை அழித்துவிட்டு வேறு கோடு போட்டிருப்பார்கள்.

அங்கேதான் நான் கெட்டேன். அப்போது வில்லியனூர் மாமா மூலமாக எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின வாரம்தான் செய்தி வந்திருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மா முகத்தில் ஒரு தெளிச்சி. இந்த நேரத்தில் எனக்கு ஒரு அறை போடுங்கள் என்று நான் கேட்டால் என்ன அர்த்தம்? எனக்குக் கல்யாணம் ஆகாது, நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று என் வாயாலேயே, அதுவும் பூஜை போட்ட மனையில் நின்று சொல்வதாகிவிடாதா? அம்மா தாங்க மாட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதைச் சொல்லத் தைரியம் இல்லை.

“எனுக்கு எதுக்குப்பா ரூமு? நான் இன்னா இங்கியேவா இருக்கப் போறேன்?” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா முகம் மலர்ந்தது. அதானே என்றாள். தம்பி மூச்சை விட்டான். அப்பா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டோ எடுத்தார். மறுநாள் ஜேசிபி வந்தது.

தை பிறந்து, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல பிளான் என்று பாராட்டினார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் கடைசி வரை சொல்லி அனுப்பவில்லை. அதற்குள் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது.

புதுமனை புகுவிழா முடிந்து எல்லோரும் கிளம்பியதும் நான் வழக்கம்போல ஹாலில் பாயை விரித்தேன். அப்பா அதைச் சுருட்டிக்கொண்டு போய் அம்மாவின் அறையில் வைத்துவிட்டு, தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். அந்த அறையில் ஃபேன் காற்று தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு நாள்கூட அதில் படுக்காத மனிதருக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போனது என்று கேட்டேன். நான் பிடிவாதமாக ஹாலிலேயே உட்கார்ந்தால் அவரும் படுக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் எழுந்து போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவருக்காக நான் சண்டை போட்டு வைத்த டாய்லெட்டும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. ராத்திரியில் கதவு சாத்தியிருப்பதால் அதற்கு வராமல், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு பின்பக்கப் பாத்ரூமுக்குப் போகிறார். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், கதவைத் தட்டுங்கள் என்று. தட்ட மாட்டார். போன வருடம் மூட்டு ஆபரேஷன் ஆகி வந்தபோது மட்டும் அறையில் படுத்தார். தடி பிடித்து நடக்க ஆரம்பித்த அன்றே தலையணையோடு வெளியே வந்துவிட்டார். தரையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டோம். மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசுகிறோம். பேச்சோடு சரி.

சமீபத்தில் தம்பி குழந்தையின் பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள். ஹாலில் பலூன் கட்டி, சேர் போட்டு, அப்பாவின் கட்டிலை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டார்கள். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை. தேடிப் போனால், கார் வராத அந்தக் கார் பார்க்கிங்கில், இரண்டு டூவீலர் வண்டிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுப்பி, யாரைத் தண்டிக்க இப்படிச் செய்கிறீர்கள், உங்கள் ரூமில் போய்ப் படுத்தால் என்ன என்று கத்திவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

“உன்ன எதுக்குமா தண்டிக்கப் போறேன். அன்னிக்கு நானே ஒரு ரூமு போடுன்னு இன்ஜினியராண்ட சொல்லிருக்கணும். எம் பொண்ணு இங்கியேதான் இருக்கப் போவுதுன்னு அப்பனே முடிவு கட்ன மாதிரி ஆயிடும்னு பயந்துட்டேன். நீ கேப்பேன்னு பாத்தேன்.”

பக்கத்து வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டேன். நானும் அதற்குத்தான்பா பயந்தேன் என்று சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, உள்ளே விருந்தாளிகள் இருக்கிறார்கள், போய்க் கவனி என்றார்.

இப்போதும் லேபில் யாராவது வீட்டு பிளானைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டால், அக்னி மூலை ஈசானி மூலை எதையும் நான் பார்ப்பதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவரும் படுக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் விரலைத் தாளின் மேலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

எனக்கென்று எதையும் கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மையைத்தான், எழுபதைத் தொடப்போகும் என் அப்பா தினமும் ஹாலில் விரித்துப் படுக்கிறார்.