சங்கரியைச் சுற்றி வந்த பிள்ளைகள்

அந்த அங்கன்வாடியில் டீச்சரைவிட ஆயா சுந்தரம்மாளுக்குத்தான் பேர் அதிகம். படிப்பு என்னவோ ஐந்தாம் வகுப்போடு சரி. புருஷன் போனபிறகு தறிக்கூடத்தில் நூல் சுற்றி, இட்லி அவித்து விற்று, மகளை நர்சாக்கிக் காட்டியவள். ஒருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லுக்கு அடங்காத பிள்ளை சங்கரன்கோவிலிலேயே கிடையாது. சும்மா சொல்லவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடி மாதம் சங்கரி வந்து சேர்ந்தாள். நாலு வயசு. வலது கால் சூம்பல். முழங்கால் வரை பட்டை வைத்த பூட்ஸ். ஓடிப்பிடித்து விளையாட ஆசையாய் எழுந்து வந்தவளை, "நீ நொண்டி, வராத" என்று ஒரு பொடியன் தள்ளிவிட்டான். மற்றதுகள் நொண்டிக் காட்டிச் சிரித்தன. கூட்டிப்போக வந்த அவள் அம்மா அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன் டீச்சர். அதுக்குள்ள மாறலன்னா வீட்டுலயே வச்சுக்கிடுதேன்."

டீச்சர் இசக்கிசெல்வி, எல்லாப் பிள்ளைகளும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்கப் பட அட்டைகள் தயார் பண்ணினாள். மறுநாள் பார்த்து ஆபீசில் மீட்டிங்.

"நான் வந்து சொல்லிக்குடுக்கேன்க்கா. நீங்க சோறு மட்டும் குடுங்க."

"இதுக்கு எதுக்கு டீச்சர் அட்டை? நீங்க போயிட்டு வாங்க. வந்து புள்ளைகளப் பாருங்க, அப்ப தெரியும்."

டீச்சர் தெருமுனை திரும்புமுன் சுந்தரம்மாள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டாள்.

"ஏலே மக்கா, நம்ம கோமதியம்மா எப்படி நின்னு தவசு பண்ணுனா?"

ஆடித்தவசு நேரம்; கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற திருவிழா. மூணு வயசுக்கும் தெரியும். அத்தனையும் ஒற்றைக் காலைத் தூக்கின.

"கால் வலிக்கா?"

"வலிக்கு ஆயா!"

"சங்கரிக்கும் அப்படித்தான வலிக்கும்? அம்மன் மாதிரி ஒத்தக் கால்ல பாரத்த வச்சு நிக்கா. அவள நொண்டின்னு சொல்லலாமா?"

"கூடாது ஆயா!"

அதோடு அந்த வார்த்தை ஒழிந்தது. மீட்டிங் முடிந்து வந்து பார்த்த பி.ஏ. டீச்சரே அட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். இரண்டு நாள் தெருவெல்லாம் இதே பேச்சுதான் சுந்தரம்மாளுக்கு.

வியாழக்கிழமை அரிசி களைந்துவிட்டுத் திரும்பினாள். நடுவில் சங்கரி. ஆடியில் பெரியவர்கள், அம்மன் கால் வலியைப் பங்கு போட்டுக்கொள்ளக் கோயிலைச் சுற்றுவார்களே, அதுபோலப் பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. பூட்ஸின் மேல் நந்தியாவட்டைப் பூ. சங்கரி எட்டி ஒருத்தியைப் பிடிக்கப் போனாள். அவள் துள்ளி விலகி, "சாமியத் தொடக் கூடாது" என்றாள்.

"ஏட்டி, அவ சாமி இல்ல. உன்ன மாதிரிப் புள்ள."

"நீதான ஆயா அம்மன்னு சொன்ன?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்ப நொண்டியா ஆயா?"

சுந்தரம்மாள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அட்டைகளைக் காட்டினாள். "எல்லாரும் ஒண்ணு" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மறுபடி சுற்றப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை சங்கரியின் அம்மா வந்தபோது இரண்டு பிள்ளைகள் அவள் மகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுந்தரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளையப் போயி கும்பிடுதுவளே! நீங்க நல்லாருக்கணும் ஆயாம்மா. இனி ஒரு நாள் தவறாம அனுப்புவேன்."

"இல்லம்மா, அது வந்து..." என்று தொடங்கினாள் சுந்தரம்மாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மேலே சொல்ல முடியவில்லை.

"நான் வரமாட்டேன்" என்றாள் சங்கரி.

"ஏட்டி, ராசாத்தி மாதிரி வச்சிருக்காங்க, பெறகென்ன?" என்றாள் அம்மா.

சுந்தரம்மாள் குனிந்து சங்கரியின் தோளைத் தட்டினாள். "தொட்டுட்டேன். வா, என்னப் பிடி."

சங்கரி அசையவில்லை.

"நீ வேண்டாம் ஆயா. அவங்க தொடணும்" என்று கையை நீட்டினாள். முற்றத்தில் பிள்ளைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தன.