பூனை குளிப்பாட்டும் மோப்பக்கா

பூனை மேசையைத் தொடுவதற்கு முன்பே மோப்பக்கா அதன் பிடரியில் மூக்கை வைத்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடிவந்த பள்ளிப் பேருந்து டிரைவர், வயதில் பெரிய பெண்மணி இப்படிச் செய்கிறாரே என்று விழித்தார். விழிக்கட்டும். இந்தக் கால்நடை மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாசல் காவலாளி முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் மோப்பக்கா.

பூச்சிமருந்து பட்ட பூனை வந்தால் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் சொட்டுமருந்தில் மிச்சத்தைப் பூனைக்கும் தடவிவிட்டு, வாய் கூசாமல் "ஒண்ணுமே போடல" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. மோப்பக்கா அவர்களோடு வாதாடுவதில்லை. பிடரியை முகர்ந்துவிட்டு, "பாதி டியூபா, முழு டியூபா?" என்று மட்டும் கேட்பார். ஆள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்.

மோப்பக்காவின் கையுறை மணிக்கட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேலே முழங்கை வரை கீறல்கள். நீளக் கையுறை வாங்கித் தந்தார்கள். அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. யாராவது ஐயோ பாவம் என்று பார்த்துவிட்டால் போதும், கையை நீட்டி வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். "இது சாம்பல் பூனை. இது ஒத்தக்கண்ணு. இது வக்கீல் வீட்டுது, என்னா திமிருங்கிறீங்க." பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இருந்தால்தான் என்ன?

அன்று டிரைவர் கொண்டுவந்த பூனை கீறவில்லை. காது துடித்தது, நாலு காலும் வெடவெடத்தன, கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. பிடரியில் வாசனையே இல்லை.

"பிள்ளைங்க மேல சத்தியமா எதுவும் போடலம்மா" என்றார் டிரைவர்.

மூளையில் கோளாறோ என்று யோசித்தபடி டாக்டர் நடுக்கத்தை அடக்க ஊசி போட்டார். மோப்பக்கா விடவில்லை. காதிலிருந்து வால் வரை முகர்ந்துகொண்டே போனவர், இடது விலாவில் நின்றார்.

"இங்க இருக்கு டாக்டர். இந்த ஒரு பக்கம் மட்டும்." டிரைவரிடம் திரும்பினார். "இது யாரை ஒட்டிப் படுக்கும்?"

"எங்க நாயைத்தான். நேத்து சாயங்காலம் நாய்க்கு உண்ணி மருந்து..." டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க பொய் சொல்லலண்ணே. நாய்க்குப் போட்டது நாய்க்குச் சரிதான். பூனை உடம்பால அதை முறிக்க முடியாது."

"பொழைக்குமாம்மா?"

"அது என்னைக் கீறட்டும், சொல்றேன்."

நடுக்கம் சற்று அடங்கியதும் குளிப்பாட்டல். வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கை மடிப்பில் ஊற்றிப் பார்த்த பிறகே பூனைமேல் ஊற்றுவார். சூடு கூடினால் மருந்து உள்ளே இறங்கும், ஆறிப்போனால் பூனை விறைத்துவிடும். யாரோ ஷாம்பு பாட்டிலை நீட்ட, முறைத்தார். "கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறோம்? பாத்திரம் கழுவுற சோப்பைக் கொண்டாங்க. எண்ணெய்ப் பிசுக்கு போகணும்." இரண்டு முறை நுரைத்து, அலசி, துவட்டி, நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டையும் மாட்டினார். பூனை பிழிந்த துணிபோலக் கிடந்தது. ஒரு நகம்கூட வெளியே வரவில்லை. அன்று மோப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. போகும்போது கூண்டுக்குள் விரலை நீட்டி, "கொஞ்சம் கோவப்படேன்டா" என்று கெஞ்சிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலைச் சவாரி முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் டிரைவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மோப்பக்கா அந்த விலாவை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கூப்பிட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மோப்பக்கா நேராக அவர் எதிரே வந்து நின்று, நனைந்த சட்டைக் கையை மேலே சுருட்டி, இடது கையை அவர் கண்முன்னே நீட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, மூன்று புதுக் கோடுகள், சிவப்பாக.