ஓகே இல்ல

அந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். மருந்து அளவைக் கணக்கிடும் பகுதி எங்கள் டீமுடையது. நான் அதைச் சோதித்துவிட்டு 'ஓகே' என்று மெயில் போட்டால் போதும். பெருங்களத்தூரில் இருந்த இன்னொரு டீமின் சர்வர் அந்த மெயிலைப் படித்து, தானே பில்ட் ஓட்டி, அதாவது புது புரோகிராமைத் தயார் செய்து, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும். நடுவில் ஒரு மனுஷர் கிடையாது. எல்லோரும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கென்னவோ ஆளில்லாத லெவல் கிராசிங்கைத் தாண்டுவது போலவே இருந்தது.

ஒரு மத்தியானம், குழந்தைகள் வார்டுக்கான கணக்கில் தசமப் புள்ளி காணாமல் போவதைப் பார்த்தேன். இரண்டரை மில்லி, இருபத்தைந்து மில்லி என்று வந்தது. பதறிப்போய் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன்: ஓகே இல்ல. ஆபீஸில் நாங்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வோம். தப்பைத் தடுத்துவிட்ட நிம்மதியில் டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் போனுக்கு மெசேஜ் வந்தது. பில்ட் முடிந்து ஆஸ்பத்திரியில் ஏற்றியாயிற்றாம். அனுமதி கொடுத்தது நானாம்.

பெருங்களத்தூருக்குப் போன் அடித்தேன். மெயிலைப் படிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவர் நிதானமாக விளக்கினார். முதல் வார்த்தை 'ஓகே' என்றால் ஓடும், 'நாட் ஓகே' என்று 'நாட்'டில் ஆரம்பித்தால் நிற்கும். இல்லை என்பதைக் கடைசியில் சொல்லும் பாஷையைத்தான் மகானுபாவர் வீட்டில் பேசுகிறார், ஆனால் அது அவருக்குத் தோன்றவே இல்லை. பழையதைத் திரும்ப ஏற்ற அரை மணியாவது ஆகும் என்றார். கோபத்தில் கடித்துக் குதறியிருப்பேன். பயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவரிடமே ஆஸ்பத்திரி நம்பரை வாங்கி வார்டுக்கே அடித்தேன். நர்ஸ் எடுத்தார். கம்ப்யூட்டரிலிருந்து புது மருந்துச் சீட்டு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். ஒரு குழந்தைக்கு வந்திருக்கிறது, இப்போதுதான் மருந்து ஊற்றப் போகிறேன் என்றார்.

"ஊத்தாதீங்க."

"நீங்க யாரு, டாக்டரா?"

"இல்லங்க. அந்தச் சீட்டு அடிச்ச கம்ப்யூட்டர்ல தப்பு இருக்கு. டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு ஊத்துங்க, ப்ளீஸ்."

போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அதுதானா அந்தக் குழந்தை என்று தெரியாது. என் குரலை நம்பி அந்த நர்ஸ் டாக்டரிடம் போனாரா, பைத்தியம் என்று விட்டுவிட்டு ஊற்றப் போனாரா, அதுவும் தெரியாது. அந்த அழுகை மட்டும் நின்றுவிடக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

நர்ஸ் திரும்பி வந்தார். டாக்டர் சீட்டைக் கிழித்துவிட்டு, சரியான அளவைக் கையால் எழுதிக் கொடுத்தாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கே ஜாஸ்தியாத்தான் பட்டுச்சு மேடம்" என்றார். "கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு ஊத்தப் போயிட்டேன்."