பெரிய வெள்ளி மேடையில் அப்பா

தூத்துக்குடியில் பாட்டும் நாடகமும் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. டவுனில் நாடகக் கொட்டகை இருந்தது. அம்மன் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு. துறைமுகத்து உத்தியோகஸ்தர்கள் கச்சேரிக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வருவார்கள். கடற்கரைத் தெருக்காரர்களான எங்களுக்கு அதெல்லாம் பெரிதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதா கோயில் மைதானத்தில் நடக்கும் பாஸ்குதான் எங்கள் நாடகம். இயேசு பட்ட பாடுகளைப் பாட்டும் வசனமுமாக எங்கள் ஆட்களே நடிப்பார்கள். பெண்கள் மேடையேறக் கூடாது. அதனால் மாதா வேஷம் என் அப்பாவுக்கு.

அப்பா தோணிகளுக்குப் பாய் தைக்கிறவர். நீலச் சேலையை முக்காடிட்டு, சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி அவர் பாடினால் முரட்டு ஆட்களெல்லாம் மூக்கைச் சிந்துவார்கள். அண்ணன் கைக்குழந்தையாக விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் உயிருள்ளவரை இந்த வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடம், அண்ணன் போன தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. கூடப் போனவர்களுக்கெல்லாம் துக்கமணி அடித்துப் பூசை வைத்தார்கள். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. எங்காவது கரையேறியிருப்பான் என்று அவன் சட்டைகளைக்கூடத் தொடவிடவில்லை.

பாஸ்கு நெருங்கியபோது அப்பாவிடம் சொன்னாள்: "இந்த வருசம் நீங்க வேசம் கட்டக் கூடாது. உங்க வாயால அழுதுட்டா அவன் செத்ததாவே ஆயிரும்."

"ஏளா, அவனுக்காவ நேந்தது. விட்டா அவனுக்குத்தான ஆகாது?"

இரண்டு பேரும் அவனைக் காப்பாற்றத்தான் சண்டை போட்டார்கள். அப்பா மேடையேறினார்.

நன்றாகத்தான் பாடினார். "என் மகனே" என்று எடுக்க வேண்டிய இடத்தில் அண்ணனை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் வந்துவிட்டது. ஒரு தரம் வாய் தவறியிருந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக் கதறினார். மடியில் செத்துக் கிடக்க வேண்டியவர் கண்ணைத் திறந்து பார்த்தார். எனக்கு அப்பா மேல் அப்படியொரு கோபம். இன்றைக்கும் அது முழுதாகத் தீரவில்லை.

அம்மா எழுந்து நேரே மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் போனாள்.

"அண்ணாச்சி, எம் மூத்தவனுக்குத் துக்கமணி அடிங்க."

பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரை கோயில் மணி அடிக்கக் கூடாது. பாவம், அவர் என்ன செய்வார்? "நாளைக்கு உயிர்ப்பு மணி அடிக்கட்டும் தாயி. பொறவு அடிக்கேன்" என்றார்.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை காலையிலேயே உயிர்ப்பு மணி அடித்துவிடும். எல்லா மணிகளும் ஒன்றாக முழங்கின. தெருவில் வெடி போட்டார்கள். அம்மா துக்கமணிக்குக் காத்திருக்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நேத்து அத்தன பேருக்கு முன்னால பாடுனீங்கள்ல? இப்பப் பாடுங்க. நம்ம பிள்ளைக்குப் பாடுங்க" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.